வாவா

ஊரின் பெயரே வாவா.
பத்து மணிநேரம் காரோட்டி வந்து சேர்ந்தால்
நெடுஞ்சாலை ஓரத்தில் இரும்பு வாத்து ஒன்று
இறக்கை விரித்து நிற்கிறது.
எங்கள் இரண்டு வீட்டிலும்
ஆளை ஆள் வா என்று கூப்பிட்டு
மூன்று வருசம்.

படகு வாடகைக்கு விடும் பெண்ணுக்கு
ஒரே காதில் மூன்று வளையம்.
தனிப்படகெல்லாம் போய்விட்டது,
இருவர் கயாக் ஒன்றுதான் மிச்சம் என்றாள்.
தங்கச்சி முந்திக்கொண்டாள்:
"இவை ரெண்டுபேரும் போகட்டும்."
பிள்ளைகள் சிரித்தன.
என் மனைவி சிப்ஸ் பையைப் பிரிப்பதில்
திடீரென மும்முரமானாள்.
முற்பணம் நாற்பது டாலர். கட்டியது நான்.

முன்னிருக்கையில் நான்,
பின்னிருக்கையில் தயாபரன்.
முன்னால் இருப்பவர் தாளம் தரவேண்டும்,
பின்னால் இருப்பவர் திசை தரவேண்டும்
என்று விளக்கினாள் அந்தப் பெண்.
விளக்காமல் விட்டது ஒன்று:
முன்னால் இருப்பவனின் முதுகு
முழுக்க முழுக்கப் பின்னால் இருப்பவனுடையது.

சீட்டுப் பிடித்தவன் நான்.
ஸ்கார்பரோவில் இருபது குடும்பம், மாதம் ஆயிரம்.
பதினெட்டாம் மாதம் இரண்டுபேர்
போன் நம்பரை மாற்றிக்கொண்டு மறைந்தார்கள்.
கடைசிவரை எடுக்காமல் காத்திருந்தவன் தயாபரன்.
மற்றவர்களுக்கு வீட்டின்மேல் கடனெடுத்துக் கொடுத்தேன்.
தங்கச்சி வீடுதானே, பொறுக்கும் என்று
இவனை மட்டும் விட்டேன்.
பொறுத்தான். அதுதான் கஷ்டம்.

ஆற்றுவாயைத் தாண்டியதும் சுப்பீரியர்.
இதை ஏரி என்றவன்
மறுகரையைக் கண்டவனாக இருக்கவேண்டும்.
இளஞ்சிவப்புப் பாறை நீருக்குள் இறங்கி
இருபதடி ஆழத்திலும் பாறையாகவே தெரிந்தது.
அதன்மேல் எங்கள் நிழல்,
ஒரு உடம்பும் நாலு கையுமாக,
எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது.

லூன் பறவை ஒன்று முங்கியது.
எங்கே எழும் என்று திரும்பினேன்.
படகு கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்தது;
அப்படியென்றால் அவனும் திரும்பியிருக்கிறான்.

"வலம்" என்பான். "இடம்" என்பான்.
வேறு பேச்சில்லை.
துடுப்பும் துடுப்பும் மோதினால்
டக்கென்று ஒரு சத்தம்,
இருவரும் கேளாதவர்கள்.

விரலை நக்கினேன்.
கடலளவு தண்ணீர், ஒரு கல் உப்பில்லை.
உப்பிட்டவரை நினை என்பார்களே,
அதற்கும் இங்கே வழியில்லை.
சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியிருக்கும்.
பின்னால் துடுப்பு நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடி தண்ணீரில் விழுந்தது.

காற்று கேட்டுக்கொண்டா வரும்.
தீவுக்கும் கரைக்கும் நடுவே
முதல் அலை பக்கவாட்டில் வந்து என் மடியில் ஏறியது.
ஆகஸ்ட் மாதம். தண்ணீருக்கு அது தெரியவில்லை.
நெஞ்சுக்கூடு இறுகி, தாளம் தப்பி,
துடுப்பைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

"இழு மச்சான்!
நிக்காதை, இழு!"

இழுத்தேன்.
அலை வந்த பக்கம் மூக்கைத் திருப்பினான்,
இழுத்தேன்.
முதுகில் கண்ணில்லாதவன்
குரல் வந்த திசையை நம்பி
இழுத்தேன்.
கூழாங்கல்லில் படகின் அடிவயிறு உரசும்வரை
அந்தச் சொல் ஏழுதரம் வந்தது.
எண்ணுவது என் பழக்கம்.

கரையில் காலை வைத்ததும்
பேச்சும் இறங்கிப் போனது.
அவன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் பிழிந்தான்.
எனக்கு முழங்கால் இன்னும் ஏரியிலேயே இருந்தது.
"பயந்தது ஆர் மாமா?" என்றாள் தங்கச்சி மகள்.
அவனும் சொல்லவில்லை.

மூன்று வளையப் பெண் முற்பணத்தோடு வந்தாள்,
கிட்ட நின்றவன் கையில் கொடுத்தாள்.
இரண்டு பச்சை இருபதுகள்.
தயாபரன் அவற்றைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
நாலாக மடித்து
ஈரக் கால்சட்டைப் பைக்குள் வைத்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை.
மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்:
பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.